பல் கேப், பல் பிரிட்ஜ்: முடிவெடுப்பதில் தொடங்கி பராமரிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

“கேப் போட்டுவிடலாம்” என்று பல் டாக்டர் சொன்னதும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, “எந்த மெட்டீரியல் நல்லது டாக்டர்?” நானும் அதைத்தான் கேட்டேன். இப்போது என் வாயில் இரண்டு கேப்பும் ஒரு பிரிட்ஜும் இருக்கின்றன. இரண்டு கேப்பில் ஒன்று மறுமுறை போட்டது. முதலில் போட்டது ஆறே வருடத்தில் கழன்று கைக்கு வந்துவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேப்பில் ஒரு கீறல்கூட இல்லை. அடியில் இருந்த பல்தான் சொத்தை பிடித்துப் பழுப்பாகி, மெத்தென்று ஆகியிருந்தது. கேப்பும் பல்லும் சேருகிற மயிரிழைக் கோட்டில் கிருமி புகுந்து உள்ளே அரித்திருக்கிறது. வேர் சிகிச்சை (ரூட் கேனால், அதாவது உள்ளிருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது) செய்த பல் என்பதால் வலியும் தெரியவில்லை.

அந்தக் கோட்டுக்கு விளிம்பு என்று பெயர். கேப்பைப் பற்றியும் பிரிட்ஜைப் பற்றியும் படிக்கப் படிக்க, எல்லாமே சுற்றிச் சுற்றி அந்த விளிம்பிலேயே வந்து நிற்பதைக் கண்டேன். நான் டாக்டர் இல்லை. நாற்காலியில் வாயைத் திறந்து கிடந்தவன். அப்படிக் கிடப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்ப்போம்

கேப், கிரவுன், பல் தொப்பி மூன்றும் ஒன்றுதான். ஈறுக்கு மேலே தெரியும் பல்லை முழுவதுமாக மூடி, சிமென்ட் வைத்து ஒட்டப்படும் உறை அது. வெனீர் வேறு: அது முன்பல்லின் முகப்பில் மட்டும் ஒட்டும் மெல்லிய தகடு. பிரிட்ஜ் என்பது பல் போன இடத்தில் ஒரு செயற்கைப் பல்லை, பக்கத்துப் பற்களின் மேல் போட்ட கேப்புகளோடு ஒரே துண்டாக இணைத்து நிறுத்துவது. இவை எதையும் நாமே கழற்றி மாட்ட முடியாது. அப்படிக் கழற்றி மாட்டுவது பல்செட்.

பல்லுக்குள் மூன்று அடுக்குகள். வெளியே எனாமல்; உடம்பிலேயே கடினமான பொருள், ஆனால் உயிரணு இல்லாததால் ஒருமுறை போனால் திரும்ப வளராது. அதற்குள் டென்டின். நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் பற்கூழ். கேப் போடும்போது எனாமலின் பெரும்பகுதியைச் செதுக்கிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தையோ செராமிக்கையோ வைக்கிறார்கள். கேப்புக்குச் சொத்தை வராது. அதன் கீழே, ஈறை ஒட்டி இருக்கும் உங்கள் சொந்தப் பல்லுக்கு வரும். “கேப் போட்டாச்சு, இனி அந்தப் பல்லுக்கு ஒன்றும் ஆகாது” என்ற நினைப்புதான் என் முதல் கேப்பைப் பலி வாங்கியது.

படி 1: கேப் தேவையா என்று முடிவு செய்வது

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்தான் கேப்புக்கு வரும் முதல் ஆள். நரம்பை எடுத்ததும் பல் காய்ந்து உடையக்கூடியதாகிவிடும் என்று சொல்வார்கள். உண்மைக் காரணம் அதைவிட எளிமையானது. சொத்தை ஏற்கெனவே பல்லைத் தின்றிருக்கிறது. நரம்பை எட்டுவதற்கு டாக்டரும் நடுவில் ஒரு குழி தோண்டியிருக்கிறார். மிஞ்சியவை சுற்றுச் சுவர்கள் மட்டும். மெல்லும்போது விழும் அழுத்தம் ஆப்பு அடிப்பதுபோல அந்தச் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளுகிறது. ஒருநாள் சுவர் பிளக்கிறது. பிளவு வேர்வரை போனால் பல்லைப் பிடுங்குவது தவிர வழியில்லை. கேப் சுவர்களை எல்லாம் ஒன்றாக இறுக்கிப் பிடிக்கிறது, பீப்பாய்க்குப் போடும் இரும்பு வளையம் மாதிரி. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்ட பற்களைவிடச் சுமார் 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன.

முன்பல் கதை வேறு. அங்கே பின்புறம் சிறு துளை போட்டு வேர் சிகிச்சை செய்திருந்து, மற்றபடி பல் முழுசாக இருந்தால், அந்தத் துளையை அடைத்தாலே பெரும்பாலும் போதும். முன்பல்லுக்கும் வழக்கம்போல் கேப் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

மற்றக் காரணங்கள்: பல்லில் பாதிக்கு மேல் அடைப்பாகவே இருப்பது, ஒரு முனை உடைந்துபோவது, பல்லைக் கடிக்கும் பழக்கத்தால் உயரமே குறைந்துபோவது, கடிக்கும்போது (குறிப்பாகக் கடித்துவிட்டு விடும்போது) சுரீர் என்று குத்தும் விரிசல். விரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சத்தில் பார்த்தால் வயது வந்த பலரின் பற்களில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரியும். அவை எனாமலோடு நிற்பவை. வலியில்லாத கோட்டுக்குக் கேப் தேவையில்லை.

கேப்புக்கு ஒரு விலை உண்டு, நான் பணத்தைச் சொல்லவில்லை. முன்பற்களை முழு கேப்புக்காகச் செதுக்கும்போது வெளியே தெரியும் பல்லின் எடையில் சுமார் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். உயிருள்ள பல்லாக இருந்தால் அந்த அதிர்ச்சியில் பற்கூழ் பின்னாளில் செத்துப்போவதும் உண்டு. ஓர் ஆய்வில், கேப் போட்டு 10 வருடம் கழித்து ஏறக்குறைய 84 சதவீதப் பற்களில்தான் நரம்பு உயிரோடு இருந்தது. பிரிட்ஜைத் தாங்கிய பற்களில் அது சுமார் 71 சதவீதம். அதனால் சும்மா நிறம் மாறிய, சற்றே கோணலான, நல்ல பல்லுக்குக் கேப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளுப்பாக்குவது, கம்பி போடுவது, காம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளை ஒட்டுவது, வெனீர் இவற்றையெல்லாம் தாண்டித்தான் கேப்புக்கு வர வேண்டும்.

கடைவாய்ப் பல்லுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது: ஆன்லே. பலவீனமான முனைகளை மட்டும் மூடி, நல்ல சுவரை அப்படியே விட்டுவைக்கும் பாதி உறை. “இதற்கு ஆன்லே போதாதா?” என்று கேட்டுவிடுங்கள். போதாது என்றால் காரணம் சொல்வார். அந்தக் காரணம் உங்களுக்கும் புரிய வேண்டும்.

படி 2: அடித்தளத்தைப் பார்ப்பது

இந்தப் படியை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. ஆனால் கேப் எத்தனை நாள் நிற்கும் என்பது இங்கேதான் ஏறக்குறைய முடிவாகிறது. எக்ஸ்ரே எடுத்து வேரின் நுனியில் பழைய சீழ் இருக்கிறதா, எலும்பு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஈறு வீங்கி ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கேப் செய்வதற்காக, ரத்தம் கசியும் ஈறு ஓரத்தில் எடுக்கும் பல் அச்சு தெளிவாக வராது. அச்சு தெளிவில்லை என்றால் விளிம்பு பொருந்தாது.

அப்புறம் ஒரு முக்கியமான அளவு: கேப்பின் விளிம்புக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது உறுதியான சொந்தப் பல் நிற்க வேண்டும். ஃபெரூல் என்பார்கள். கேப் கட்டிப்பிடிக்க அந்தப் பட்டைதான் கிடைக்கும். பல் ஈறு மட்டத்துக்கு ஒடிந்துபோயிருந்தால், வேருக்குள் போஸ்ட் என்ற சிறு கம்பியை நட்டு, அதன்மேல் அடைப்புப் பொருளால் சிறு பல் போல ஒரு மொட்டு கட்டி, அதற்குக் கேப் போடுவார்கள். போஸ்ட் பல்லைப் பலப்படுத்தும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, மொட்டைப் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. ஃபெரூல் இல்லாமல் போஸ்டை மட்டும் நம்பிப் போட்ட கேப், கொஞ்ச நாளில் போஸ்டோடு கழன்று வரும், இல்லையென்றால் வேரைப் பிளந்துவிடும். ஈறையும் கொஞ்சம் எலும்பையும் இறக்கி உயரம் சம்பாதிக்கச் சிறு அறுவை செய்யலாம். அதுவும் முடியாத பல்லை விட்டுவிடுவதே சில சமயம் நேர்மையான ஆலோசனை.

படி 3: பொருளைத் தேர்ந்தெடுப்பது

எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வந்துவிட்டோம். உண்மையில் இது நாம் நினைப்பதைவிடச் சிறிய கேள்வி.

முழு உலோகக் கேப்தான் பல்லைக் குறைவாகச் செதுக்க வைப்பது. மேற்புறத்தில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் போதும். தங்கக் கலவையாக இருந்தால் எதிர்ப்பல்லையும் அதிகம் தேய்க்காது, விளிம்பும் அழகாகப் பொருந்தும். நிறம் ஒன்றுதான் குறை. கடைசிக் கடைவாய்ப் பல்லை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மலிவான உலோகக் கலவைகளில் நிக்கல் இருக்கலாம். நகையோ கடிகாரப் பட்டையோ பட்டுத் தோல் தடித்த அனுபவம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய கேப் 1960களிலிருந்து பல பத்தாண்டுகள் கோலோச்சியது. உறுதியானது. ஆனால் மேலிருக்கும் பீங்கான் சில்லு சில்லாகப் பெயர்வது உண்டு. ஈறு இறங்கும்போது ஓரத்தில் சாம்பல் கோடு தெரியும். அந்த உலோகத்தை மறைக்கவே பீங்கானுக்குக் கூடுதல் தடிமன் வேண்டும், அதற்காகப் பல்லும் கூடுதலாகப் போகிறது.

ஜிர்கோனியா என்ற மிகக் கடினமான செராமிக் இன்று கடைவாய்ப் பற்களின் செல்லப்பிள்ளை. வளைவு உறுதி (வளைக்கும்போது உடையாமல் தாங்கும் திறன்) 900 மெகாபாஸ்கல் என்ற அளவைத் தாண்டும் வகைகள் உண்டு. பழைய பீங்கானுக்கு அது 100கூட வராது. இவ்வளவு கடினமான பொருள் எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடாதா? நன்றாக மெருகேற்றியிருந்தால் அவ்வளவாகத் தேய்க்காது. சொரசொரப்பாக விட்டால்தான் அரம் மாதிரி வேலை செய்யும். மாட்டும் நாளில் கடி சரிசெய்ய மேலே தேய்த்தார்கள் என்றால், “பாலிஷ் பண்ணிடுங்க” என்று சொல்லத் தயங்காதீர்கள்.

லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிச் செராமிக் உறுதியில் ஜிர்கோனியாவுக்குக் கீழே, சுமார் 360 முதல் 500 மெகாபாஸ்கல். ஆனால் ஒளியைப் பல் போலவே உள்ளே விடும். முன்பல்லுக்கு அதுதான் அழகு. ஒட்டுப்பசையோடு பல்லில் நன்றாகப் பிணைந்துகொள்ளும் என்பது இன்னொரு லாபம். உள்ளே கறுத்துப்போன பல்லோ உலோகப் போஸ்டோ இருந்தால், அந்த ஒளி ஊடுருவலே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே ஒளி புகாத பொருளே நல்லது.

5 வருட அளவில் பார்த்தால் நல்ல பொருள்கள் எல்லாமே 90 சதவீதத்துக்கு மேல் நிலைக்கின்றன. அதனால்தான் சிறிய கேள்வி என்றேன்.

படி 4: பல்லைச் செதுக்கும் நாள்

முதல் வேலை நிறம் பார்ப்பது. மரத்துப்போகும் ஊசிக்கும் முன்பே. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து, உள்ள நிறத்தைவிட வெளுப்பாகத் தெரியும். அப்போது எடுத்த நிறத்தில் கேப் செய்தால் பக்கத்துப் பல்லோடு ஒட்டாது. ஏ1, ஏ2 என்று 16 நிறங்கள் கொண்ட பல் மாதிரி அட்டையை வைத்துப் பார்ப்பார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நீங்களும் கண்ணாடியில் பாருங்கள். பற்களை வெளுப்பாக்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதை முன்பே செய்து, நிறம் நிலைக்கச் சில வாரம் விட்டுத்தான் இங்கே வர வேண்டும். கேப் பிறகு வெளுக்காது.

ஊசி போட்டு மரத்ததும், தண்ணீர் தெளிக்கும் வேகமான கருவியால் பல்லைச் சுற்றிலும் செதுக்குவார்கள். மேற்புறம் பொருளுக்கேற்ப 1 முதல் 2 மில்லிமீட்டர். பக்கவாட்டுச் சுவர்கள் மேலே போகப் போக மிக லேசாக ஒடுங்க வேண்டும். அதிகம் ஒடுங்கினால் கூம்பாகி, கேப் சுலபமாகக் கழன்றுவிடும். ஒடுங்கவே இல்லையென்றால் கேப் உள்ளே இறங்காது. கீழே ஈறு ஓரத்தில் ஒரு தெளிவான படிக்கட்டு போல வெட்டி முடிப்பார்கள். அந்தப் படிக்கட்டுதான் விளிம்பு.

அச்சு எடுக்கும் முன் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நூலைச் செருகி, ஈறைச் சற்று விலக்குவார்கள். கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு வெளியே தெரிய அதுதான் வழி. பிறகு சிலிகான் பசையைத் தட்டில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள், அல்லது ஸ்கேனர் கோலை வாய்க்குள் ஓட்டிக் கம்ப்யூட்டரில் படமாக்குவார்கள். குமட்டல் உள்ளவர்களுக்கு ஸ்கேனர் வரம். இன்னொரு நன்மையும் உண்டு: திரையில் உங்கள் பல் பெரிதாகத் தெரியும். விளிம்பு சுற்றிலும் ஒரே கோடாக ஓடுகிறதா என்று நீங்களே கேட்டுப் பார்க்கலாம். கேட்டேன், டாக்டர் சந்தோஷமாகவே காட்டினார்.

சில இடங்களில் அந்தக் கம்ப்யூட்டர் படத்தை வைத்தே, ஒரே நாளில் கேப்பை இயந்திரத்தில் கடைந்து மாட்டிவிடுகிறார்கள். புதுமை போலத் தெரிந்தாலும், சூரிச்சில் இந்த முறையில் முதல் அடைப்பை நோயாளிக்குப் பொருத்தியது 1985இல். ஒற்றைக் கேப்புக்கு இது நன்றாகவே வேலை செய்யும்.

படி 5: தற்காலிகக் கேப்போடு ஓட்டும் நாட்கள்

லேபிலிருந்து கேப் வரும்வரை பிளாஸ்டிக் கேப் ஒன்றை வலுக்குறைந்த சிமென்டில் ஒட்டி அனுப்புவார்கள். பிசுபிசுப்பானதையும் கல் போலக் கடினமானதையும் அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை (ஃப்ளாஸ்) விட்டால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள், இல்லாவிட்டால் கேப்பும் சேர்ந்து வரும். வந்துவிட்டால் “நாளைக்குப் பார்ப்போம்” என்று விடாதீர்கள். மூடாத பல் கூசும் என்பது ஒரு பக்கம். சில நாட்களிலேயே பக்கத்துப் பற்களும் எதிர்ப்பல்லும் இம்மி நகரும், ஈறும் விளிம்பின்மேல் ஏறிவிடும். செய்து வந்த கேப் அப்புறம் உட்காராது.

படி 6: மாட்டும் நாள்

ஒட்டிய பிறகு குறை கண்டால் கேப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எனவே ஒட்டும் முன் நடக்கும் ஐந்து நிமிடச் சோதனைதான் முக்கியம், அவசரப்படுத்தாதீர்கள்.

கேப்பைச் சும்மா வைத்துப் பார்ப்பார்கள். பக்கத்துப் பல்லோடு தொடுமிடத்தில் நூல் ‘டக்’ என்று இறுக்கமாக இறங்கி ஏற வேண்டும். தளர்வாக இருந்தால் சாப்பிட்டதெல்லாம் அங்கே போய்ச் சொருகும், வாழ்நாள் தொல்லை. கூர்முனைக் கருவியை விளிம்பில் ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. எவ்வளவு இடைவெளி ஏற்கலாம்? 1971இல் வெளியான ஓர் ஆய்வு 120 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று சொன்னது. இன்றும் அதையே அளவுகோலாகக் காட்டுகிறார்கள். ஏறக்குறைய ஒரு தடித்த தலைமயிரின் பருமன். கிருமியின் பருமனோ ஒரு மைக்ரானை ஒட்டியது. அதற்கு 120 மைக்ரான் ஒரு ராஜபாட்டை! அந்தப் பாதையை அடைத்து நிற்பது சிமென்ட் மட்டுமே.

முன்பல்லாக இருந்தால் கண்ணாடியைக் கேளுங்கள், எழுந்து நின்று பாருங்கள், பேசிப் பாருங்கள், சிரித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். லேபுக்குத் திருப்பி அனுப்ப முடியும்.

பிறகு நிறக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லிக் கடியைப் பார்ப்பார்கள். 20 மைக்ரான் அளவு மெல்லிய பொருள் நடுவில் இருந்தாலும் பல் உணர்ந்துவிடும், ஆனால் ஊசியால் மரத்திருக்கும் வாயில் அந்த உணர்வை நம்ப முடியாது. மரப்பு விட்டதும் “இந்தப் பல் மட்டும் முதலில் படுகிறது” என்று தோன்றினால் பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்யக்கூடிய உயரம், விட்டுவைத்தால் கடிக்கும்போதெல்லாம் வலிக்கும், பல்லைச் சுற்றிய திசுவைப் புண்ணாக்கும். சூடு, குளிர் கூச்சம் ஓரிரு வாரத்தில் குறைவது இயல்பு. நாளுக்கு நாள் கூடுவதும் ராத்திரி தானாக எழுப்பும் வலியும் இயல்பல்ல.

ஒட்டியபின் வழியும் சிமென்டைச் சுத்தமாக எடுக்க வேண்டும். ஈறுக்கடியில் ஒரு துணுக்கு தங்கினாலும் அந்த இடம் சிவந்துகொண்டே இருக்கும்.

பல்லே போய்விட்டால்: பிரிட்ஜ்

பல் விழுந்த இடம் சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் பல் சாய்கிறது, எதிர்ப்பல் இறங்கி வருகிறது, எலும்பு உருகுகிறது. கடைவாய்ப் பகுதியில் பல் பிடுங்கி 12 மாதத்துக்குள் எலும்பு மேட்டின் அகலத்தில் பாதியளவு குறைகிறது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிடுகிறது. பிடுங்கிய உடனே நிரந்தரப் பிரிட்ஜ் போடாமல் ஓரிரு மாதம் ஆறவிடுவது இதனால்தான். உடனே போட்டால் ஈறு கீழே இறங்கி, செயற்கைப் பல்லுக்கு அடியில் இருட்டாக ஒரு சந்து விழும்.

எல்லா இடைவெளியையும் நிரப்பியாக வேண்டும் என்றும் இல்லை. கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று போய், மெல்லுவதில் சிரமம் இல்லை, எதிர்ப்பல் நகரவில்லை என்றால் விட்டுவிட்டுக் கண்காணிக்கலாம். இதையும் ஒரு வழியாக டாக்டர் சொல்ல வேண்டும்.

வழக்கமான பிரிட்ஜுக்கு இரண்டு பக்கப் பற்களும் தாங்கிகள். ஒரு பல்லை ஈடுகட்ட இரண்டு பற்களைச் செதுக்கியாக வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரே துண்டான பிரிட்ஜ் இறங்காது. சாய்ந்த பல்லில் இதற்காகக் கூடுதலாகச் செதுக்க நேரும். தாங்கும் வேர்களின் பரப்பு, போன பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது என்று ஆன்டே என்பவர் 1926இல் ஒரு விதி சொன்னார். ஈறு நோயைக் கட்டுப்படுத்திய வாயில் அதைவிடக் குறைந்த வேர்ப்பரப்பும் தாங்கியிருக்கிறது என்பதால் அது கல்லில் எழுதிய விதி இல்லை. ஆனாலும் ‘நான்கு பல் இடைவெளிக்கு இரண்டே தாங்கி’ என்று யாராவது சொன்னால் யோசிக்க வைக்கும்.

ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கும் பிரிட்ஜுக்குக் கான்டிலீவர் என்று பெயர். கடைவாயில் அது நெம்புகோல் போலத் தாங்கிப் பல்லை அசைத்துவிடும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 10 வருடத்தில் வழக்கமான பிரிட்ஜ்களில் சுமார் 89 சதவீதமும் கான்டிலீவரில் சுமார் 80 சதவீதமும் நின்றிருந்தன. முன்பல்லில் மட்டும் கதை தலைகீழ். மேரிலாண்ட் பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு, அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பெயரால் வந்தது: பக்கத்துப் பல்லைச் செதுக்காமல், பின்புறத்தில் மெல்லிய இறக்கையை ஒட்டிச் செயற்கைப் பல்லை நிறுத்துவது. இரண்டு பக்கமும் இறக்கை இருந்தால் இரண்டு பற்களும் தனித்தனியாக அசையும்போது ஒன்று விட்டுக்கொடுக்கும். நமக்குத் தெரியாமலே அதற்கடியில் சொத்தை பிடிக்கும். ஒற்றை இறக்கை விட்டால் முழுசாகக் கழன்று வரும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். தாடை வளர்ந்துகொண்டிருக்கும் இளம் வயதினருக்கு, இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கை வேர்) வைக்க வயது வரும்வரை இது அருமையான வழி.

பிரிட்ஜா, இம்பிளான்டா? என் கணக்கு இப்படி: இரண்டு பக்கப் பற்களும் அடைப்பே காணாத நல்ல பற்கள், எலும்பும் போதுமான அளவு இருக்கிறது என்றால் இம்பிளான்டைத்தான் முதலில் விசாரிப்பேன். டைட்டானியம் திருகு எலும்போடு பிணைய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்துப் பற்கள் தப்பித்தன. பக்கத்துப் பற்களுக்கு எப்படியும் கேப் தேவை என்ற நிலை இருந்தால் பிரிட்ஜ் நியாயமானது. எனக்கு அப்படித்தான் இருந்தது, பிரிட்ஜ் போட்டுக்கொண்டேன். புகைப்பவர்கள், கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், எலும்புக்கான சில மருந்துகளை எடுப்பவர்கள் இம்பிளான்டுக்கு முன் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.

செதுக்குவது, அச்சு, தற்காலிகம், மாட்டுவது எல்லாம் கேப்புக்குச் சொன்னதுபோலவேதான். கூடுதலாகப் பார்க்க வேண்டியது செயற்கைப் பல்லின் அடிப்பாகம். அது ஈறை மெல்லத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அடிப்பாகம் குழிவாக இல்லாமல் குவிந்து, வழவழப்பாக இருக்க வேண்டும். குழிந்திருந்தால் எதைக்கொண்டும் சுத்தம் செய்ய முடியாது.

படி 7: வீட்டில் பார்த்துக்கொள்வது

பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்துத் துலக்குங்கள். பல்லின் மேற்பரப்பைவிட அந்த ஓரம்தான் இப்போது முக்கியம். ஃபுளோரைடு பேஸ்ட் போதும். கேப்பின் இரு பக்க இடுக்கிலும் தினம் ஒருமுறை நூல் அல்லது இடுக்கு பிரஷ்.

பிரிட்ஜில் நூல் மேலிருந்து இறங்காது, எல்லாம் ஒரே துண்டு அல்லவா. முனை விறைப்பாகவும் நடுவில் பஞ்சு போலவும் உள்ள சூப்பர் ஃப்ளாஸ் வாங்கி, ஊசியில் நூல் கோப்பது போலச் செயற்கைப் பல்லுக்கு அடியில் நுழைத்து, முன்னும் பின்னும் இழுங்கள். தாங்கிப் பல்லின் ஓரத்தையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். முதல் வாரம் ஐந்து நிமிடம் ஆகும், எரிச்சல் வரும். பழகினால் ஒரு நிமிடம். பிரிட்ஜ் மாட்டிய அன்றே டாக்டர் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டிவிட்டு வாருங்கள். எனக்கு முதல்முறை கேப் போட்டபோது யாரும் எதையும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் பல்வரிசைமேல் மாட்டும் இரவு உறை (நைட் கார்ட்) போட்டுக்கொள்ள வேண்டும். காலையில் தாடை வலியோ நெற்றிப்பொட்டு வலியோ இருந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை டாக்டர் விளிம்பைப் பார்க்கட்டும். வேர் சிகிச்சை செய்த பல் வலித்து எச்சரிக்காது என்பதால் அவ்வப்போது எக்ஸ்ரேயும் தேவைப்படும்.

படி 8: ஏதோ சரியில்லை என்றால்

நூல் திடீரென்று ஒரே இடத்தில் கிழிய ஆரம்பித்தால், ஓரத்தில் கறுப்பு தெரிந்தால், அந்தப் பக்கமிருந்து வாடை வந்தால், ஈறில் சிறு கொப்புளம் கிளம்பி அடங்கினால் உடனே காட்டுங்கள். பிரிட்ஜில் ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. ஒரு முனை விட்டிருக்கும், மறுமுனை பிடித்திருக்கும், எனவே கழலாது. விரலால் லேசாக மேலும் கீழும் அழுத்தினால் ஓரத்தில் எச்சில் குமிழி தெரியும். அதைக் கண்டால் வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

கேப் கழன்றுவிட்டால் முதலில் எடுத்துப் பத்திரமான டப்பாவில் போடுங்கள், காகிதக் கைக்குட்டையில் சுற்றினால் அது நேரே குப்பைக்குத்தான் போகும். வீட்டில் இருக்கும் சூப்பர் பசையைக் கையால்கூடத் தொட வேண்டாம். பல்லும் ஈறும் புண்ணாகும், கேப்பும் இனி உட்காராது. பல் கூசினால் மருந்துக்கடைத் தற்காலிகச் சிமென்டை வைத்து, சரியாக உட்காருகிறதா என்று மெல்லக் கடித்துப் பார்த்துக்கொள்ளலாம். தளர்ந்த கேப்போடு தூங்கப் போகாதீர்கள். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் வயிற்று வழியே போய்விடும். இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அது மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கலாம். நேராக அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

இரண்டு மூன்று நாட்களுக்குள் டாக்டரிடம் போகும்போது கேப்பைக் கொண்டுபோங்கள். உள்பக்கம் சுத்தமாக, சிமென்ட் மட்டும் ஒட்டியிருந்தால், அதையே மறுபடி ஒட்ட நல்ல வாய்ப்பு இருக்கிறது. பழுப்பாக, மெத்தென்று பல்லின் துண்டும் சேர்ந்து வந்திருந்தால், எனக்கு நடந்ததுபோல, படி 2இலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.